சந்தா ஏறிக்கிட்டே போகுது, சவாரிப் பாதை சுருங்கிக்கிட்டே வருது: மாதவரம், மணலி பக்கம் என்ன செய்யலாம்?

மாதவரம்_மண்பாதை

வணக்கம். மாதவரம் பக்கம் சின்னக் குதிரையேற்றச் சங்கம் ஒண்ணு. 7 குதிரை, 22 உறுப்பினர். இந்த வருஷம் ஆண்டுச் சந்தாவை மூணுல ஒரு பங்கு ஏத்தியிருக்காங்க. அது போக "பாதை நிதி"ன்னு ரசீதுல தனியா ஒரு வரி. ஆனா மணலி தாண்டி கால்வாய் ஓரமாப் போற 3 கிலோமீட்டர் மண்பாதையில பாதி தூரத்தை சீமைக்கருவேலம் மூடிடுச்சு. ரெண்டு இடத்துல மழை நின்னு மூணு வாரம் ஆனாலும் சேறு காயறதில்ல. அதனால 20க்கு 40 மீட்டர் மணல் களத்துலயே எல்லாரும் சுத்திக்கிட்டு இருக்கோம்.

தெரிஞ்சவங்க சொல்லுங்க. சந்தா உயர்வு நியாயமா இல்லையான்னு எந்தக் கணக்கை வெச்சுப் பார்க்கறது? பாதையை உறுப்பினர்களே சீர் பண்ண முடியுமா, யார்கிட்ட அனுமதி வாங்கணும், எவ்வளவு மண் அடிக்கணும்? அதுவரைக்கும் குதிரைகளை வண்டியில ஏத்தி எண்ணூர் கடற்கரைக்குக் கூட்டிட்டுப் போகலாம்னு சிலர் சொல்றாங்க, அது சரியா வருமா?

லாயக்_கணக்கு

முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். ரூபாயை ஓரமாக வைத்துவிட்டுக் கிலோவில் ஆரம்பியுங்கள். தீவன விலை வாரத்துக்கு வாரம் மாறும், குதிரை தின்னும் அளவு மாறாது.

குதிரை ஒன்று தன் எடையில் சுமார் 2 சதவீதம் காய்ந்த தீவனம் தின்ன வேண்டும். 400 கிலோ குதிரைக்கு நாளைக்கு 8 கிலோ. அதில் 6 கிலோ காய்ந்த புல், 2 கிலோ தானியம் (ஓட்ஸ், ஊறவைத்து வேகவைத்த கொள்ளு, பார்லி). உப்பு 30 முதல் 50 கிராம். தண்ணீர் நம் ஊர் வெயிலில் 40 லிட்டருக்குக் குறையாது. 7 குதிரைக்கு மாதம் 1,260 கிலோ காய்ந்த புல், 420 கிலோ தானியம். சங்கத்தின் கொள்முதல் ரசீதுகளை இந்த இரண்டு எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ரசீதில் அளவு மிக அதிகமாக இருந்தால் எங்கோ வீணாகிறது. மிகக் குறைவாக இருந்தால் கவலைப்பட வேண்டியது சந்தாவைப் பற்றி அல்ல, குதிரைகளைப் பற்றி.

ஒரு இடத்தில் கவனம் வேண்டும். பச்சைப் புல்லில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். 5 கிலோ கோ-4 (கம்பு நேப்பியர் வகை) புல் போட்டால்தான் 1 கிலோ காய்ந்த தீவனத்துக்கு ஈடு. "நாளைக்கு 20 கிலோ புல் போடுகிறோம்" என்று யாராவது சொன்னால் அது 4 கிலோதான். அதைவிடப் பெரிய சிக்கல், கம்பு நேப்பியர் வகைகளில் இருக்கும் ஆக்சலேட். அது குடலிலேயே சுண்ணாம்புச் சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதோடு விலை குறைவு என்று கோதுமைத் தவிட்டையும் கூட்டிப் போட்டால் தவிட்டில் இருக்கும் பாஸ்பரஸ் மிச்சத்தையும் கெடுக்கும். மாதக்கணக்கில் இப்படிப் போனால் குதிரை எலும்பிலிருந்து சுண்ணாம்பை எடுக்கத் தொடங்கும். ஒரு வாரம் முன்காலில் நொண்டும், அடுத்த வாரம் பின்காலில் நொண்டும். பிறகு கண்ணுக்குக் கீழே கன்ன எலும்பு இரண்டு பக்கமும் புடைக்கும். மாட்டுக்கு அதே புல் பெரும்பாலும் ஒன்றும் செய்யாது, வயிற்று நுண்ணுயிர்கள் ஆக்சலேட்டை உடைத்துவிடும். மாட்டுப் பண்ணையைப் பார்த்துக் குதிரைக்குத் தீவனம் போடுபவர்கள் சறுக்குவது இங்கேதான். புல் பங்கில் மூன்றில் ஒன்றாவது குதிரைமசாலாக (லூசர்ன்) இருக்கட்டும், தவிட்டை ஒரு கைப்பிடி அளவில் நிறுத்துங்கள். குதிரைமசாலுக்காகச் சந்தா ஏறியிருந்தால் அது நல்ல ஏற்றம்.

சரியாகச் சிக்கனம் செய்யக்கூடிய இடங்களும் உண்டு. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எல்லாக் குதிரைக்கும் குடற்புழு மருந்து கொடுப்பதை விட்டுவிட்டு, சாண முட்டை எண்ணிக்கை பார்த்துக் கொடுங்கள். எலுமிச்சை அளவு புதுச் சாணம், காற்று புகாத பை, குளிரில் வைத்து 24 மணி நேரத்துக்குள் பரிசோதனை. கிராமுக்கு 200 முட்டைக்கு மேல் இருக்கும் குதிரைக்கு மட்டும் கூடுதல் மருந்து, மற்றவற்றுக்கு வருடத்துக்கு ஒன்றிரண்டு முறை போதும். வழக்கமாக ஒன்றிரண்டு குதிரைகள்தான் லாயம் முழுவதற்கும் புழு பரப்பும். இது வளர்ந்த குதிரைக்கு, குட்டிக்கு இல்லை. தார் ரோட்டில் அதிகம் போகாத குதிரைக்கு முன்கால்களுக்கு மட்டும் லாடம் அடித்தால் பாதிச் செலவு மிஞ்சும். ஆனால் 6 வாரத்தில் மாற்ற வேண்டிய லாடத்தை 10 வாரம் இழுக்காதீர்கள். குளம்பின் முனை நீண்டு, குதிகால் நசுங்கி, காலின் பின்புறத் தசைநார்க் காயத்தில் போய் முடியும். லாடத்தில் மிச்சம் பிடித்ததைப் போல் பல மடங்கு வைத்தியத்துக்குப் போய்விடும்.

கடைசியாக சைஸ், அதாவது குதிரையைப் பராமரிப்பவர், அவருடைய சம்பளம். 3 அல்லது 4 குதிரைக்கு ஒருவர், வார விடுமுறைக்கு மாற்று ஆள். 7 குதிரைக்கு இரண்டரை ஆள் கணக்கு வரும். அவர்கள் சம்பளம் ஏறியதால் சந்தா ஏறியது என்றால் நான் மறு கேள்வி கேட்க மாட்டேன். விடிகாலை 4 மணிக்கு லாயத்தில் நிற்பவர் அவர்தான்.

ஆண்டறிக்கை

உங்கள் சங்கம் 1975ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவானதா, இல்லை ஒருவருடைய தனித் தொழிலா, அதை முதலில் பாருங்கள். பதிவான சங்கம் என்றால் ஆண்டுப் பொதுக்குழுவில் தணிக்கை செய்த கணக்கை வைக்க வேண்டும், உறுப்பினர் கேட்கலாம். தனித் தொழில் என்றால் அந்த உரிமை இல்லை, பேசித்தான் வாங்க வேண்டும்.

கேட்கும்போது "ஏன் ஏத்தினீங்க" என்று கேட்டால் "விலைவாசி" என்று ஒரே சொல்லில் பதில் வரும். மூன்று வருட வரவு செலவை தீவனம், சம்பளம், லாடம், வைத்தியம், வாடகை, பாதை என்று ஆறு தலைப்பாகப் பிரித்துத் தரச் சொல்லுங்கள். சந்தாத் தொகை ஜிஎஸ்டி சேர்த்ததா, சேர்க்காததா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். பாதை நிதிக்குத் தனி வங்கிக் கணக்கோ, குறைந்தது தனிப் பேரேடோ வேண்டும். அது இல்லாமல் வாங்கும் பாதை நிதி அடுத்த மாதமே தீவனத்தில் கரைந்துவிடும். யாரும் திருட வேண்டாம், தானாகவே கரையும்.

சவுடும்_கிராவலும்

ரெண்டாவது கேள்விக்கு வர்றேன். முதல்ல இடம் யாருடையதுன்னு பாருங்க. பக்கிங்காம் கால்வாய்க் கரை நீர்வளத் துறை கையில இருக்கு. தெரு, பூங்கா ஓரம்னா மாநகராட்சி. புறம்போக்குல நிக்கிற மரம் சீமைக்கருவேலமா இருந்தாலும் அரசாங்க மரம்தான், கேட்காம வெட்டக்கூடாது. நீர்வளத் துறை உதவிப் பொறியாளருக்கு ஒரு பக்கக் கடிதம், கூடவே கையால வரைஞ்ச வரைபடம், எங்கிருந்து எதுவரைக்கும், எத்தனை மீட்டர், கரையைத் தோண்ட மாட்டோம், வெட்டினதை நாங்களே அப்புறப்படுத்துவோம், இவ்வளவும் இருக்கணும். புழல் ஏரிக்கரை மாதிரி குடிநீர் ஏரிக்கரையை மனசுல இருந்தே எடுத்துடுங்க. ஈரமான களிமண் கரையில குளம்பு பதிஞ்ச பள்ளத்துல தண்ணி நின்னு கரை அரிக்கும். அந்தத் தண்ணியைத்தான் ஊரே குடிக்குது.

சீமைக்கருவேலம் விஷயத்துல எல்லாரும் பண்ற தப்பு, விறகுக்காரர்கிட்ட விடறது. அவருக்கு வேண்டியது தண்டு. தரைக்கு ஒரு ஜாண் மேல சாய்வா வெட்டி எடுத்துட்டுப் போயிடுவார். மிச்சம் நிக்கிற கட்டை ஈட்டி முனை மாதிரி இருக்கும். குதிரை மிரண்டு பக்கவாட்டுல ஒதுங்கினா நேரா வயித்துலயோ முழங்கால்லயோ ஏறும். மூணு மாசத்துல அதே கட்டையில இருந்து துடைப்பம் மாதிரி பத்துப் பதினஞ்சு கிளை வெடிச்சு வரும், முன்ன இருந்ததை விட அடர்த்தியா. துளிர் வர்ற மொட்டு தரைக்குக் கீழ இருக்கிற கழுத்துப் பகுதியில இருக்கு. அதனால சுத்தி மண்ணைப் பறிச்சு, தரைக்குக் கீழ ஒரு அடி ஆழத்துல வேரை வெட்டி, கழுத்தோட தூக்கணும். தை, மாசியில மண்ணுல ஈரம் கொஞ்சம் மிச்சம் இருக்கும்போது கடப்பாரை இறங்கும். சித்திரையில இந்தக் களிமண் கல்லு. கை கட்டைவிரல் பருமன் செடியை ரெண்டு பேர் கையாலயே எடுக்கலாம். தொடை பருமன் மரத்துக்கு மினி ஜேசிபி வேணும், ஆனா கரைச் சரிவுல ஜேசிபி கூடாது, மண் சரியும். அங்க மட்டும் தரையோட தரையா, சாய்வில்லாம, தட்டையா வெட்டிட்டு வருஷத்துக்கு மூணு தடவை துளிரை ஒடிக்கணும்.

அகலம் 8 அடி, உயரம் 10 அடி திறந்திருக்கணும். நடந்து போய் வெட்டறவங்க தன் தலை உயரத்தோட நிறுத்திடுவாங்க. ஒருத்தரைக் குதிரை மேல உக்கார வெச்சு நடை போட வெச்சுப் பார்த்தாத்தான் முகத்துல அடிக்கிற கிளை தெரியும். வெட்டின முள் கிளையைப் பாதை ஓரத்துல குவிக்காதீங்க. முள் ரெண்டு இஞ்ச் வரைக்கும் இருக்கும், சீக்கிரம் மக்காது, காத்துல உருண்டு பாதைக்கே வரும். அன்னிக்கே வண்டியில ஏத்திடணும், எரிக்கக்கூடாது. முடிஞ்சதும் இரும்பு வாரி போட்டு ரெண்டு தடவை வாருங்க. மணலி பக்கம் லாரி, கன்டெய்னர் நிக்கிற இடம்னா கயித்துல கட்டின காந்தத்தையும் இழுத்துப் பாருங்க. ஆணி, போல்ட், கம்பித் துண்டுன்னு ஒட்டிக்கிட்டு வரும்.

இப்ப சேறு. ஒரு சேத்து இடம் 33 அடி நீளம், 7 அடி அகலம்னு வெச்சுக்குங்க. 4 இஞ்ச் கனத்துக்கு 77 கன அடி. இறுகினா கால் பங்கு குறையும், அதனால 1 யூனிட் கிராவல், அதாவது 100 கன அடி. மேல ஒரு இஞ்ச் கிரஷர் டஸ்ட், அது ஏறக்குறைய 20 கன அடி. ரெண்டு இடத்துக்கு 2 யூனிட் கிராவல், அரை யூனிட் டஸ்ட் வாங்கினா போதும். கிராவல் அடிக்கறதுக்கு முன்னாடி தண்ணிக்கு வழி விடணும். பாதையோட தாழ்வான பக்கம் ஒரு அடி ஆழ வாய்க்கால், பாதையோட நடுப்பகுதி, ஓரத்தை விட 2 இஞ்ச் உயரமா இருக்கணும். வாய்க்கால் இல்லாம எத்தனை லோடு அடிச்சாலும் ஒரு மழைக்காலத்துல களிமண் அதை முழுங்கிடும். சவுடு விலை குறைவுன்னு அடிக்காதீங்க, ஈரத்துல அதுவே சேறு. 40 எம்எம் ஜல்லி மேல தெரியக்கூடாது, குளம்போட அடி நசுங்கும். இடிச்ச கட்டட ரப்பீஷ் இலவசமாக் கிடைக்கும், வாங்கவே வாங்காதீங்க. டைல்ஸ் சில்லு, கண்ணாடி, ஆணி எல்லாம் அதுல இருக்கும்.

பாதை நிக்கணும்னா மழைக்கு அப்புறம் 48 மணி நேரம் யாரும் குதிரையை இறக்கக்கூடாது. பூட்ஸ் குதிகாலை அழுத்திப் பாருங்க, ஒரு இஞ்ச் இறங்கினா திரும்பிடுங்க. ஒரே ஒரு காலைப்பொழுது ஈரத்துல ஏழு குதிரை ட்ராட் (மெதுவான ஓட்டம்) போனா ஒரு நாள் வேலை வீண்.

மாதவரம்_மண்பாதை

அண்ணா, ரொம்ப நன்றி. வெட்டின இடத்துலயே புதுச் செடி நிறைய முளைக்குது, கட்டையில இருந்து இல்ல, விதையில இருந்து. பாதை நடுவுலயே வருது. ஏன்?

சவுடும்_கிராவலும்

உங்க குதிரைங்கதான் விதைக்குது. மஞ்சளாப் பழுத்து விழற காய் இனிக்கும், நின்ன இடத்துல குதிரை பொறுக்கித் தின்னும். விதை செரிக்காம சாணத்தோட வெளிய வந்து, எருவோட சேர்ந்து விழுது. ஆடு, மாடும் இதைத்தான் செய்யுது, ஆனா பாதையோட நடுக்கோட்டுல வரிசையா முளைச்சா அது குதிரைச் சாணம். ஒரு குவியலை உடைச்சுப் பாருங்க, பழுப்பு நிறத்துல உறையோட விதை அப்படியே இருக்கும். காய் உதிர்ற காலத்துல மரத்தடியில குதிரையை நிறுத்தாதீங்க. நிறையத் தின்னா குடல் அடைச்சு வயித்து வலியும் வரும். கடைசியா வர்ற குதிரைக்குப் பின்னாடி சைக்கிள்ல ஒருத்தர் முறமும் பையுமா வந்து சாணத்தை எடுத்துடட்டும். அந்தப் பாதையில நடக்க வர்றவங்க குதிரைங்களைப் பொறுத்துக்கறதும் இதுல அடங்கியிருக்கு. எடுத்த சாணத்தை லாயத்துக் குப்பையோட குவிச்சு, குவியல் நடுவுல 55 டிகிரி தாண்ட விட்டு, வாரம் ஒரு தடவை புரட்டினா மூணு மாசத்துல நல்ல எரு. மாடித் தோட்டக்காரங்க வந்து வாங்கிட்டுப் போவாங்க, அந்தக் காசைப் பாதைக் கணக்குல போடுங்க.

எர்ணாவூர்_காற்று

மூன்றாவது கேள்வி. எண்ணூர் கடற்கரை வேண்டாம் என்பதே என் பதில்.

திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் வரை கரையில் பல இடங்களில் கருங்கல் கொட்டியிருக்கிறது, இடையிடையே கடலுக்குள் நீளும் கல் தடுப்புகளான தூண்டில் வளைவுகள். மிச்சம் இருக்கும் மணல் துண்டுகளில்தான் படகு நிறுத்துகிறார்கள், வலை உலர்த்துகிறார்கள். நைலான் வலை மணலில் புதைந்து கிடந்தால் கண்ணுக்குத் தெரியாது, காலில் சுற்றினால் குதிரை இழுத்துக்கொண்டு ஓடும். அது மீனவர்களின் வேலை இடம், அவர்கள் வலையை நாம் மிதிப்பது எந்த வகையில் நியாயம்? ஜனவரி முதல் ஏப்ரல் வரை பங்குனி ஆமை முட்டையிடும் காலம் வேறு. இருட்டில் குளம்பு எந்தக் குழி மேல் விழுகிறது என்று யாருக்கும் தெரியாது.

முகத்துவாரப் பக்கம் கொசஸ்தலையாற்றுச் சேறு இன்னும் மோசம். அனல்மின் நிலையச் சாம்பல் படிந்த இடம் மேலே வெடித்துக் காய்ந்த தரை போலத் தெரியும், குதிரை எடைக்கு உள்ளே வாங்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் பரவிய கழிமுகம் அது. குதிரையை அந்தத் தண்ணீரில் இறக்காதீர்கள், குடிக்க விடாதீர்கள்.

எங்கே சவாரி போனாலும் வெயில் கணக்கைப் பழகுங்கள். பாரன்ஹீட் வெப்பநிலையோடு ஈரப்பத சதவீதத்தைக் கூட்டுங்கள். 130க்குக் கீழ் என்றால் கவலை இல்லை, 150 தாண்டினால் குதிரை உடல் ஆறுவது மெதுவாகும், 180 என்றால் சேணம் போடவே வேண்டாம். விடிகாலை 27 டிகிரி செல்சியஸ் என்பது 81 பாரன்ஹீட், ஈரப்பதம் 85, கூட்டினால் 166. நமக்குக் குளிர்ச்சியாகத் தோன்றும் காலையே குதிரைக்கு எச்சரிக்கை எல்லையில்தான் இருக்கிறது. கடலோரக் காற்றில் வியர்வை ஆறாது, வழியத்தான் செய்யும். அதனால் 40 நிமிட வேலையில் கேன்டர் (மிதமான பாய்ச்சல்) மொத்தம் 5 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். இறங்கியதும் உடல் முழுக்கத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருங்கள். 15 நிமிடம் கழித்து இடது முன்கால் முழங்கைக்குப் பின்னால் ஸ்டெதஸ்கோப் வைத்து இதயத் துடிப்பை 15 விநாடி எண்ணுங்கள். 16 அல்லது அதற்குக் குறைவாக இருந்தால் சரி. அதற்கு மேல் இருந்தால் அந்தக் குதிரை அன்று இன்னொருவரைச் சுமக்கக் கூடாது. கடும் வெயிலில் மற்றக் குதிரைகள் நனைந்திருக்க ஒன்று மட்டும் உலர்ந்த தோலோடு மூச்சிரைத்தால் அதற்கு வியர்வையே நின்றுபோயிருக்கலாம். உடனே நிழல், தண்ணீர், மருத்துவர்.

லாடம்_ஆறு_வாரம்

முள்ளோ ஆணியோ குளம்பில் ஏறினால் என்ன செய்வது என்று யாரும் சொல்லவில்லை. எல்லாரும் பிடுங்குவார்கள், அதுதான் தப்பு. குதிரையை அசையாமல் நிறுத்தி, அது இன்னும் உள்ளே ஏறாதபடி இரண்டு பக்கமும் மரக்கட்டை வைத்துக் கட்டி, மருத்துவரைக் கூப்பிடுங்கள். எந்தக் கோணத்தில் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று எக்ஸ்ரேயில் தெரியும். பிடுங்கியே ஆக வேண்டிய நிலை என்றால் முதலில் படம் எடுங்கள், பிறகு ஓட்டையைச் சுற்றிப் பேனாவால் வட்டம் போடுங்கள். குளம்பு ரப்பர் மாதிரி மூடிக்கொள்ளும், பத்து நிமிடத்தில் ஓட்டை எங்கே என்று தெரியாது. குளம்பின் அடியில் நடுவே இருக்கும் மெத்தை போன்ற முக்கோணத்தின் மையப் பகுதியில் குத்தியிருந்தால் நொண்டவில்லை என்றாலும் அன்றே வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். அந்த இடத்துக்கு மேலேதான் மூட்டுப் பை இருக்கிறது, சீழ் பிடித்தால் குதிரை பிழைப்பது கஷ்டம். டெட்டனஸ் தடுப்பூசித் தேதி லாயச் சுவரில் எழுதியிருக்கட்டும்.

பாதை நிதி பற்றி ஒன்று. பணத்துக்குப் பதில் உழைப்பு என்று கேட்டுப் பாருங்கள். ஆளுக்கு ஆண்டுக்கு 12 மணி நேரம், 22 பேருக்கு 264 மணி நேரம். செய்தவருக்குப் பாதை நிதி தள்ளுபடி.

ஆண்டறிக்கை

இதில் எனக்குத் தயக்கம் உண்டு. முதல் சனிக்கிழமை 15 பேர் வருவார்கள், மூன்றாவது சனிக்கிழமை 4 பேர். அந்த நால்வர் முதுகில் எல்லாம் ஏறும். கிராவல் லோடுக்கும் ஜேசிபிக்கும் காசு வேண்டும், அதை உழைப்பால் ஈடுகட்ட முடியாது. பாதி பணம், பாதி உழைப்பு என்று வையுங்கள். கடப்பாரை பிடிக்க முடியாத வயதானவர்களுக்குச் சாணம் அள்ளுவது, வருகைப் பதிவேடு, கடிதப் போக்குவரத்து. வேலை நாளுக்குக் குழு விபத்துக் காப்பீடு எடுக்காமல் ஒரு ஆளையும் அரிவாளோடு இறக்காதீர்கள்.

மாதவரம்_மண்பாதை

பாதி பணம், பாதி உழைப்புன்னு எழுதி வர்ற ஞாயிறு கமிட்டிக்குக் குடுக்கறோம், ஆறு தலைப்புக் கணக்கும் அதுலயே கேட்டிருக்கோம். எண்ணூர் யோசனையை விட்டாச்சு. உதவிப் பொறியாளர் கடிதத்துக்கு முன்னாடி 3 கிலோமீட்டரையும் நாலு பேர் டேப் எடுத்து நடந்து, எந்த இடத்துல எத்தனை கட்டை, கரைச் சரிவுல எது, சமதரையில எதுன்னு குறிச்சுட்டு வர்றோம். அண்ணா, வரைபடத்தை இங்கயே போடறேன், வாய்க்கால் எந்தப் பக்கம் வெட்டணும்னு பார்த்துச் சொல்லுங்க.

சவுடும்_கிராவலும்

போடுங்க. மழை பெய்ஞ்ச மறுநாள் நடந்து குறிங்க, காய்ஞ்ச நாள்ல இல்ல. தண்ணி எந்தப் பக்கம் தேங்கி நிக்குதோ அந்த ஓரத்துல ஒரு குச்சி நட்டுட்டு வாங்க.